அந்தோனியம்மாவின் அட்டவணை

இந்த டொரொன்டோவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் தேத்தண்ணி குடிக்கப் போவதென்றால்கூட முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டும். என் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஓய்வு பெற்ற மனுசன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு சோலி கிடையாது. ஒரு நாள் படியில் பார்த்தபோது, "ஒரு நாள் வாருங்களேன், தேநீர் குடிக்கலாம்" என்றார். "இப்பவே வர்றேனே" என்றேன். மனுசன் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். உள்ளே போய் ஒரு சின்ன நோட்டை எடுத்து வந்து, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி, மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றரை மணி என்று எழுதிக்கொண்டார். அந்த மூன்று வாரமும் ஆள் அதே ஜன்னலில்தான் உட்கார்ந்திருந்தார். நான் போகும்போதும் வரும்போதும் கையை ஆட்டினார். செவ்வாய்க்கிழமை போனேன். நூல் கட்டின ஒரு பையைச் சுடுதண்ணியில் முக்கிக் கொடுத்தார். அதற்குள் இருந்த தூசை எங்கள் மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் கூட்டி மூலையில் ஒதுக்குவார்கள். நாலரை மணிக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் எழுந்து வந்துவிட்டேன்.

இலங்கை மலைநாட்டில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கனடாக்காரன் நேரத்தை ஆளத் தெரிந்தவன், நாம்தான் லயத்து வரிசைவீட்டு வாசலில் குந்தி வாழ்க்கையை வீணாக்குகிறோம் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். வெறுமனே நம்பவில்லை, அவர்களிடம் போய் அந்த வித்தையைப் படித்து, அதற்குச் சான்றிதழும் வாங்கினேன். அந்தப் படிப்பால் என் அக்காவுக்கு என்ன ஆனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். என்னை மாதிரி இங்கே வந்து, ஊரில் இருப்பவர்களுக்கு இங்கிருந்தே புத்தி சொல்கிற மற்ற மேதாவிகளும் படித்தால் நல்லது.

நான் வேலை பார்ப்பது அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனியில். ஸ்டோர் ரூமில் ஆணி, பலகை, பெயின்ட் எடுத்துக் கொடுக்கிற ஆளாக இருந்தேன். ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டார். கட்டட வேலைகளை இனிமேல் கம்ப்யூட்டரில் திட்டமிடப் போகிறார்களாம், அதைச் சாயங்கால வகுப்பில் படித்துப் பாஸ் பண்ணினால் திட்டப் பிரிவில் நிரந்தர வேலை தருவார்களாம். எனக்கு அந்த நிரந்தர வேலைக் கடிதம் உயிர் மாதிரி. அது இருந்தால்தான் அக்காவை ஸ்பான்சர் செய்து இங்கே கூப்பிட முடியும்.

அக்கா பேர் அந்தோனியம்மா. அம்மாவும் அப்பாவும் ஒரே வருசத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினாலு வயசு, எனக்கு ஆறு. பதினாலு வயசில் கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறியவள்தான். அவள் தேயிலைக் கொழுந்து எடுத்தாள், நான் ஹட்டனில் போர்டிங்கில் இருந்து படித்தேன். எனக்காகவே கல்யாணம் கட்டாமல் இருந்தாள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். "ஒரு பயலும் வந்து கேக்கல, அதுக்கு நீ ஏன்டா பழி சுமக்குற" என்பாள். தோட்டத்துச் சனங்களுக்கு விண்ணப்பித்தால்தான் இலங்கைப் பிரஜாவுரிமை. அப்பா சாவதற்கு முன் போட்ட விண்ணப்பத்தில் என் பேருக்கு மட்டும் எப்படியோ சான்றிதழ் வந்தது. அக்காவுடைய காகிதம் எந்தக் கட்டுக்குள் கிடக்கிறதோ, எந்தக் கரையான் தின்றதோ, தெரியாது. ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் ஒருத்தன் நாட்டுக்காரன், ஒருத்தி நாடில்லாதவள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு நான் ஜெர்மனி வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். அவள் அதே தோட்டத்தில், அதே லயத்தில், அதே ஒற்றையறைக் காம்பராவில் தனியாக இருந்தாள். அவளை இங்கே கூப்பிட வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

வகுப்பு நடத்தியவர் பேர் வால்டர். கழுத்தில் பொம்மை போட்ட டை, வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. முதல் நாளே, "உலகத்தில் எந்த வேலையையும் மூன்று கேள்வியில் அடக்கிவிடலாம். என்ன செய்ய வேண்டும்? எத்தனை நாள்? எதற்குப் பின் எது?" என்றார். அதைத் தட்டிக் கொடுத்தால் மெசின் கணக்குப் போட்டு, எந்த வேலை எந்தத் தேதியில் என்று பட்டை பட்டையாகக் கோடு போட்டுக் காட்டும். அந்த மெசின் முப்பது வேலையைக் கணக்குப் போட எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்து வந்திருக்கிறேன். உள்ளே கர் புர் என்று சத்தம். வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். எனக்கு எங்கள் பெரட்டுக்களம் ஞாபகம் வந்தது. காலையில் நூறு பேர் வந்து நிற்பார்கள். கங்காணி வானத்தை ஒரு பார்வை பார்ப்பார், கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். இன்னார் இன்ன மலைக்குக் கொழுந்துக்கு, இன்னார் புல்லு வெட்ட, இன்னார் தண்ணிக் கான் வெட்ட என்று வெற்றிலையைத் துப்புவதற்குள் பிரித்து அனுப்பிவிடுவார். அந்த ஆளும் உத்தமர் ஒன்றும் இல்லை. தனக்குச் சிரித்து முகம் கொடுக்காத பொம்பிளைகளைத் தேடித் தேடி அட்டைக்கடி மலைக்கு அனுப்புகிற அயோக்கியன். ஆனால் அந்த அயோக்கியத்தனத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வால்டரின் மெசினைவிட அவர் எவ்வளவோ மேல். மழை வரும் என்பதாவது அவருக்குத் தெரியும்.

கடைசிப் பரீட்சைக்கு, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு திட்டத்தை எடுத்துப் போட்டுக் காட்ட வேண்டும் என்றார் வால்டர். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மகளின் கல்யாணத்தைப் போட்டாள். இன்னொருத்தன் தன் படகுக்குக் கொட்டகை கட்டுவதைப் போட்டான். படகுக்கு வீடு! நான் அக்காவைக் கூப்பிடுவதைப் போட்டேன்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று அக்கா விசாரித்து எழுதியிருந்தாள். விசா வேண்டுமென்றால் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் வேண்டுமென்றால் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வேண்டும். அதற்கு நுவரெலியாவில் அரசாங்கக் கச்சேரியில் தோட்டத்து ஆபீஸ் கடிதம் கேட்கிறார்கள். தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டால், "வெளிநாடு போறவங்களுக்குப் பேர் வெட்டுனதுக்கு அப்புறந்தான் கடுதாசி" என்கிறார் பெரிய கிளாக்கர். வெளி ஊர்க்காரர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்கிறேன். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் ஒருத்திக்கு வேலை, வேலை இருந்தால்தான் லயத்தில் காம்பரா. பேரை வெட்டினால் அன்றோடு அவள் அந்த மண்ணில் யாரும் இல்லை, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதனால் எங்கள் சனங்கள் எவ்வளவு அவசரத்திலும் ஒன்றில் மட்டும் கெட்டியாக இருப்பார்கள். போகிற இடத்து விசா கையில் வராமல் பேரை வெட்ட மாட்டார்கள். எழுபதுகளில் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள்கூடக் கடைசி வாரம் வரை கொழுந்து எடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

இத்தனையையும் மெசினில் போட்டேன். கடிதத்துக்குப் பின் சான்றிதழ், அதற்குப் பின் பாஸ்போர்ட், பின் விசா, விசாவுக்குப் பின் பேர் வெட்டு, பேர் வெட்டுக்குப் பின் கடிதம். பொத்தானை அமுக்கினேன். மெசின் கர் புர் என்றது, பிறகு கீச்சென்று கத்தியது. வட்டமாக ஒரு சங்கிலி இருக்கிறது, கணக்குப் போட முடியாது என்று எழுதிக் காட்டியது.

வால்டர் வந்து குனிந்து பார்த்தார். "எங்கோ தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். இப்படி ஒரு திட்டம் உலகத்தில் இருக்க முடியாது."

"இருக்கிறது. நாங்கள் அதற்குள்தான் இருக்கிறோம்" என்றேன்.

"உங்கள் சகோதரி நேராக அந்த ஆபீசுக்குள் போய், மேலாளரின் எதிரில் உட்கார்ந்து, பிரச்சினையை விளக்கினால் என்ன?"

"உள்ளே போக முடியாது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பேச வேண்டும்."

அவர் கண்ணை அகல விரித்தார். "ஓ, அது ஒரு கோயிலா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆமாம், சாமி உள்ளே உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆமாம் என்று மட்டும் தலையாட்டினேன். அவர் தோளைத் தட்டினார். "ஏதாவது ஓர் இணைப்பை எடுத்துவிடுங்கள். எது அவ்வளவு அவசியமில்லையோ அதை. மெசின் ஓடும்."

சங்கிலியில் ஐந்து கண்ணி. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாலு கண்ணிக்கு ஓர் ஆபீஸ் இருந்தது, ஒரு முத்திரை இருந்தது, ஓர் அதிகாரி இருந்தான். விசா வந்த பிறகுதான் பேர் வெட்டு என்ற ஒன்றுக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை. அது எங்கள் சனங்கள் பயத்தில் தாங்களாகப் போட்டுக்கொண்டது. கோட்டு சூட்டுப் போட்டவன் சொன்னதெல்லாம் விதி, கூடைக்காரி சொன்னது வெறும் பயம். இப்படித்தான் நினைத்தேன், வேறு மாதிரி நினைத்தேன் என்று இப்போது பூசி மெழுக மாட்டேன். அந்தக் கண்ணியை அழித்தேன். மெசின் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடி, ஒரு வருசம் இரண்டு மாதத்தில் அக்கா டொரொன்டோவில் இறங்கும் தேதியைக் காட்டியது. வகுப்பே கை தட்டியது. படகுக் கொட்டகைக்காரன் வந்து கை குலுக்கினான்.

அந்த மெசினுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு வேலைக்கு முன்னால் எதுவும் இல்லையென்றால், முடிந்தவரை சீக்கிரம் செய் என்று அதை முதல் நாளிலேயே கொண்டுபோய் வைத்துவிடும். இதை வால்டர் இரண்டாம் வகுப்பிலேயே சொல்லித் தந்தார், நான் அழகான கையெழுத்தில் குறித்தும் வைத்திருந்தேன். பேர் வெட்டுக்கு முன்னால் இப்போது எதுவும் இல்லை. அதனால் மொத்த அட்டவணையிலும் முதல் கோடு அதுதான், வருகிற திங்கட்கிழமை. நான் அதைப் பார்க்கவில்லை. நான் கடைசிக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத்தாளில் அச்சடித்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் தமிழில் எழுதி, விமானத் தபாலில் அக்காவுக்கு அனுப்பினேன். கூட ஒரு கடிதம். "அக்கா, இதுல போட்டிருக்கிற தேதிப்படி ஒவ்வொண்ணா செய். ஒரு நாள்கூட பிந்தாத. பிந்துனா எல்லாமே பிந்தும்." இந்த வரியை நான்தான் எழுதினேன், இரண்டு தரம் அடிக்கோடும் போட்டேன்.

தபால் போய்ச் சேர மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அக்கா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தவள், தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். தாளை விரித்துப் பார்த்தால் முதல் கோட்டுத் தேதி தாண்டிப் பதினைந்து நாளாகிவிட்டது.  தன்னால் எல்லாம் கெட்டுப்போயிற்று என்று கூடையை அப்படியே போட்டுவிட்டு ஆபீசுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே நடந்ததை அவளே எனக்கு எழுதினாள்.

பெரிய கிளாக்கர் நம்பவில்லை. "என்ன அந்தோனியம்மா, வெசா வந்திருச்சா?" என்று கேட்டாராம்.

"இல்லீங்க ஐயா. அது பெறகு வரும். தாள்ல பேர் வெட்டுதான் மொதல்ல போட்டிருக்கு."

"யோசிச்சுத்தான் சொல்றியா? வெட்டுனா வெட்டுனதுதான். நாளைக்கு வந்து மூக்கச் சிந்தக் கூடாது."

"யோசிக்கிறதெல்லாம் தம்பி யோசிச்சுட்டாங்க ஐயா. கம்பியூட்டர்ல போட்டு அனுப்பியிருக்கு. நான்தான் பதினஞ்சு நாள் பிந்திட்டேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கே வெட்டிருங்க."

எந்தக் காரியத்துக்கும் நாலு தரம் வரச் சொல்லி அலைக்கழிக்கிற அந்த ஆள், அதை மட்டும் ஐந்து நிமிசத்தில் முடித்துக் கொடுத்தார். அக்கா அவருக்கு நன்றி சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தாளாம்.

கடிதம் கிடைத்தது. "மேற்படியார் இத்தோட்டத்தில் இன்ன தேதி வரை தொழிலாளியாக இருந்தார்" என்று. அதை எடுத்துக்கொண்டு விடியற்காலை பஸ் பிடித்து நுவரெலியாக் கச்சேரிக்குப் போனாள். அங்கே இருந்தவர் வாசித்துவிட்டு, "இருந்தார் என்று போட்டிருக்கிறதே, இப்போது இல்லையா? இப்போது தோட்டத்தில் இருக்கிறவர்களுடைய விண்ணப்பத்தைத்தான் நாங்கள் பார்ப்போம்" என்று சிங்களத்தில் சொல்லி, கடிதத்தைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார். அவள் அட்டவணையை விரித்துக் காட்டியிருக்கிறாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

திரும்பி வந்து பேரைப் பழையபடி போடச் சொல்லிக் கேட்டாள். தோட்டத்தை நடத்துகிற தொரை முடியாது என்றார். ஒரு மாதத்தில் காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்று ஆபீஸ் முத்திரையோடு சிட்டு வந்தது. அப்பா செத்த, அம்மா செத்த, என்னை மடியில் போட்டு வளர்த்த காம்பரா. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அவள் மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, காய்ச்சலோடு மலை ஏறிக் காப்பாற்றிய பேர். அதை நான் பதினாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு விரலால் அழித்தேன். தூ! இதற்கா நான் போர்டிங்கில் படித்தேன்?

அவள் கடிதத்தில் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் பதினஞ்சு நாள் பிந்துனதால வந்த வென தம்பி, நீ கம்பியூட்டர்ல சரியாத்தான் போட்டிருக்க" என்று எழுதியிருந்தாள். தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்று பதில் எழுதினேன். மூன்று பக்கம் விளக்கினேன். "நீ எனக்காக அப்படிச் சொல்ற" என்று பதில் வந்தது. இன்று வரை அவளை நம்ப வைக்க முடியவில்லை.

நான் பாஸ் பண்ணினேன். வகுப்பில் முதலாவது. நிரந்தர வேலைக் கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. திட்டப் பிரிவில் எனக்கு நாற்காலி, ஜன்னல் எல்லாம் உண்டு. போன மாதம் ஒரு காரியமாக அந்தக் கல்லூரிக்குப் போனபோது வால்டரைப் பார்த்தேன். என் அட்டவணையைச் சட்டம் போட்டு வகுப்புச் சுவரில் மாட்டியிருக்கிறார், வருகிற பிள்ளைகளுக்கு மாதிரியாகக் காட்டவாம். "உங்கள் சகோதரியின் திட்டம் எப்படிப் போகிறது?" என்று கேட்டார்.

"முதல் வேலை முடிந்தது" என்றேன்.

"அற்புதம்! முதல் வேலைதான் எப்போதும் கஷ்டம். மற்றதெல்லாம் தானாக நடக்கும்." கையைப் பிடித்துக் குலுக்கினார்.  அவரிடம் நடந்ததை விளக்கினால் அதற்கும் ஒரு கோடு போடச் சொல்வார். கண்ணாடிக்குள் அக்காவின் பேர் வெட்டு முதல் வரியில், கறுப்பாக, ஒரு நாள் நீளத்துக்கு இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்க, திரும்பி நடந்தேன்.

போன வாரம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் தெருவில் நிற்கவில்லை. அவளைத் தாங்கிப் பிடித்தவள் யார் தெரியுமா? தண்ணி பிடிக்கிற பீலியில் அவளோடு தினமும் குடத்தை உருட்டிச் சண்டை போட்ட நாலாம் காம்பரா ராமாயி. ராமாயிக்கு நெஞ்சு வலி, வலப்பனையில் மகள் வீட்டோடு போய் இருக்கிறாளாம். ஆனால் பேரை வெட்டவில்லை. வெட்டுவாளா, அவள் என்ன கம்ப்யூட்டர் படித்தவளா? போகும்போது சாவியை அக்கா கையில் கொடுத்து, "எம் பேருல நீ வேல செய்யிடீ. ஒனக்கு இருக்க எடமாச்சு, எனக்குப் பேரும் அழியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். கங்காணி தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறார். அக்கா எழுதியிருந்தது இதுதான்:

"காலைல பெரட்டுல ராமாயின்னு கூப்புட்டா நான்தான் இருக்கேங்கன்னு சொல்றேன். மொத ரெண்டு நாள் வாய் வரல, பக்கத்துல நின்னவ இடிச்சா. இப்பப் பழகிருச்சு. தம்பி, இனிமே கடுதாசி போட்டா அந்தோனியம்மான்னு போடாத. தபாலு தோட்டத்து ஆபீசுக்குத்தான் மொதல்ல வருது, அப்படி ஒருத்தி இங்க இல்லன்னு திருப்பிருவாங்க. ராமாயின்னே போடு."

இனி அவளுக்கு எந்தக் கச்சேரியில் எந்தச் சான்றிதழ் கேட்பது? அந்தோனியம்மா என்று ஒருத்தி அந்தத் தோட்டத்தில் இல்லை. இருக்கிறவள் ராமாயி, அவளுக்குக் கனடாவில் தம்பி கிடையாது. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே தாளில் "அன்புள்ள அக்காவுக்கு" என்று தொடங்கி, சுகம் விசாரித்து, மழைக்குக் கம்பளி வாங்கிக்கொள் என்று எழுதி மடித்து வைத்தேன். பிறகு உறையைத் திருப்பி, ராமாயி, நாலாம் காம்பரா என்று எழுதினேன்.